ஆறாம் எண் வீட்டின் பின்னறை

அடுத்தவர் வீட்டைப் பார்த்து அதிர்ந்துபோவதில் டேப் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில், விற்பனைக்கு வந்த வீடுகளைத் தரகர்கள் எல்லோருடைய பார்வைக்கும் திறந்துவைக்கிற அந்த மூன்று மணி நேரத்தில், அவள் குறைந்தது இரண்டு வீடுகளிலாவது ஏறி இறங்குவாள். ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது நெஞ்சில் கைவைத்து நின்றுவிடுவாள். அவற்றில் எதையும் வாங்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. தன் வீட்டைச் சற்று மாற்றிக் கட்டவேண்டும், அதற்கு நல்ல யோசனை வேண்டும், அவ்வளவுதான்.

டேப் அக்கா என்பது கடையில் இளையவர்கள் வைத்த பெயர். திரைச்சீலைக் கடையில் அவளுக்கு அளவெடுக்கும் வேலை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவாள். ஜன்னலின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் அளப்பாள். கம்பியிலிருந்து தரைவரை உள்ள நீளத்தை இரண்டு ஓரங்களிலும் தனித்தனியே அளப்பாள். மடிப்புக்காக அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி என்று கணக்கிட்டுச் சிறிய நோட்டில் எழுதிக்கொள்வாள். இருபது ஆண்டுகளில் அவள் அளந்த திரை ஒன்றுகூட நீளம் குறைந்தது என்று திரும்பி வந்ததில்லை. பழக்க தோஷத்தால், எந்த வீட்டுக்குள் காலை வைத்தாலும் அவளுடைய கண் முதலில் ஜன்னலைத் தேடும். ஜன்னல் இல்லாத சுவரை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அங்கே அளப்பதற்கு என்ன இருக்கிறது?

அவளுடைய வீடு ஒரே ஒப்பந்தக்காரர் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் நான்காவது. பக்கச் சுவர்கள் இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பொது. பின்னால் ஒரு கிடங்கின் பெரிய சுவர். முன்னே கூடம், அடுத்து ஒரு படுக்கையறை, குளியலறை, பிறகு இடைவழி முடிகிற இடத்தில் ஏழடி அகலச் சமையலறை. அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் மற்றவர் திரும்ப முடியும். அதைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா என்ற ஆசையில்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தொடங்கியது.

பயணத்தில் மூன்று பேர். அவள், அவளுடைய கணவர், கணவரின் தங்கை. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பேச்சு குறைவு, கை சுத்தம். அளவு நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்தால் மறுமுனையை அவர் பிடிப்பார். நாத்தனார் எதையும் பிடிக்கமாட்டாள். வாயை மட்டும் கொண்டுவருவாள். ஒரு வீட்டில் படுக்கையறையின் நடுவிலேயே, கட்டிலின் கால்மாட்டில், மறைப்பு ஏதுமின்றிக் குளியல்தொட்டியைப் பதித்திருந்தார்கள். டேப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

“மூச்சை விடுங்க அண்ணி. குளிச்ச கையோட அப்படியே உருண்டு படுத்துக்கலாம், துண்டு மிச்சம்” என்றாள் நாத்தனார்.

வேறொரு வீட்டின் சமையலறையில் அடுப்பையே காணவில்லை. பாத்திரம் இல்லை, கைப்பிடி இல்லை, கறுப்புக் கண்ணாடிபோல் ஒரு மேடைதான் இருந்தது. தரகர் சுவரை விரலால் அழுத்தினார். சுவர் திறந்துகொண்டு உள்ளே குளிர்சாதனப் பெட்டி தெரிந்தது. இன்னொரு வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையிலிருந்த சுவரை முழுதாக இடித்துத் தள்ளியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு நேரே திரைச்சீலைக்கு வருமே என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் திரைகளைத் துவைக்கப்போகிறவர்களை எண்ணி அன்று முழுவதும் வருந்தினாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பாள். ஆனால் நான்கு ஆண்டுகளில் அவளுடைய சமையலறையில் ஓர் ஆணிகூட இடம் மாறவில்லை. கேட்டால் கணவர், “இன்னும் ரெண்டு வீடு பாத்துட்டு முடிவு பண்ணலாமே” என்பார்.

கடந்த இரண்டு மாதங்களாக இந்தப் பயணம் பொழுதுபோக்காக இல்லை. அவளுடைய அம்மா ஒன்பது ஆண்டுகளாகத் தம்பியின் வீட்டில் இருக்கிறார். அங்கே அவருக்கென்று அறை கிடையாது. கூடத்தில் படுத்து, பிள்ளைகள் எழுந்திருப்பதற்கு முன்பே படுக்கையைச் சுருட்டிச் சோபாவுக்குப் பின்னால் சொருகிவிட வேண்டும். அப்பா இறந்த புதிதில், உன்னோடு வந்து இருக்கட்டுமா என்று அம்மா முதலில் கேட்டது மகளைத்தான். அன்று கணவன் மனைவி இருவருமாக வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரே படுக்கையறை, கூடமோ வாசற்கதவைத் திறந்தால் நிரம்பிவிடும். இடம் எங்கே இருக்கிறது என்றார் கணவர். அதையே அவள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இப்போது தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி மக்களோடு கிளம்புகிறான். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பியும் வைத்துவிட்டான். மாதக் கடைசிக்குள் அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அதைக் கிழித்துவிடுவதாகச் சொன்னான். ஆகையால் டேப் அக்கா இப்போது வீடுகளில் வேறெதையும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் இண்டு இடுக்கில் எப்படி ஒரு கட்டிலை நுழைக்கிறார்கள் என்று மட்டுமே பார்க்கிறாள். போன வாரம் ஒரு வீட்டில் அலமாரிக்குள் மடங்கிப்போகிற கட்டிலைக் கண்டார்கள். கணவர் அதைக் கீழே இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தே பார்த்தார். தரகர் முகம் சுளித்ததையும் பொருட்படுத்தாமல், “அத்தை உயரத்துக்கு இது சரியா இருக்கும்” என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார்மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதர் யாருக்குக் கிடைப்பார்?

இந்த நிலையில்தான் அவர்களுடைய வரிசையிலேயே ஆறாம் எண் வீடு விற்பனைக்கு வந்தது. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவர் அங்கே தனியாக இருந்தார்; இப்போது மகளோடு போய்விடப்போகிறார். ஞாயிறு பத்து மணிக்குத் திறப்பு என்று வாசலில் பலகை தொங்கியது. நம் வீட்டைப்போலவே கட்டிய வீடு, அந்த அம்மா எதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் நமக்கு ஒரு வழி பிறக்கும் என்று டேப் அக்கா துள்ளினாள்.

கணவருக்கு அதில் விருப்பமில்லை. “நம்ம வீடு மாதிரிதானே இருக்கும். அதைப் போய்ப் பாக்க என்ன இருக்கு?” என்றார். அதற்குமேல் வற்புறுத்தியபோது, ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, போயாகவேண்டும் என்று கிளம்பிவிட்டார். நான்கு ஆண்டுகளில் அவர் வராத முதல் வீடு அதுதான். பாவம், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வரிசையில் குடியிருந்தும் அவள் அந்த வீடுகளின் கூடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஏழு மணிக்குத் திரும்புகிறவள். அக்கம்பக்கத்தாரோடு பேச்செல்லாம் வாசற்படியோடு சரி. நர்ஸம்மா வாசலில் நின்று வரவேற்றார். வீடு அப்படியே இருந்தது. அதே கூடம், அதே படுக்கையறை; வலமும் இடமும் மட்டும் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. நாத்தனார், தெரிந்த வீட்டில் ஒவ்வொரு கதவும் தவறான பக்கம் திறக்கிறதே என்று சிரித்துக்கொண்டே வந்தாள். சமையலறை அதே ஏழடி. டேப் அக்கா அதை ஆறுதலோடு அளந்து எழுதிக்கொண்டாள். பிறகு இடைவழியின் கடைசிப் பக்கம் திரும்பினாள்.

அங்கே ஒரு கதவு இருந்தது.

அவள் வீட்டில் அந்த இடத்தில் சுவர்தான் உண்டு. தரையிலிருந்து தலைக்கு மேல்வரை பலகைகள் அடித்து, மளிகைச் சாமான் டப்பாக்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள். இங்கே கதவு, கதவுக்கு அப்பால் அறை. பத்தடிக்கு ஒன்பதடி இருக்கும். ஒரு கட்டில், ஒரு மேசை, மடித்துவைத்த போர்வைகள். ஜன்னல் இல்லை. கூரையின் நடுவே சதுரமாகக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியாக வெயில் நேரே கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது.

“இந்த அறை நீங்க எடுத்துக் கட்டினதா?” என்று கேட்டாள் டேப் அக்கா.

நர்ஸம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. “எடுத்துக் கட்டறதா? பின்னாலதான் கிடங்குச் சுவர் இடிக்குதே, எங்க எடுக்கறது? இது கட்டும்போதே இருந்தது. ஆறு வீட்டுக்கும் ஒரே பிளான்தானே” என்றவர், மிக இயல்பாக, “உங்க வீட்ல இந்த ரூம்ல என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

குளியல்தொட்டிக்கும் மறைந்த குளிர்சாதனப் பெட்டிக்கும் நெஞ்சில் கைவைத்த டேப் அக்கா இப்போது கையைத் தூக்கவே இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரின் வாயும் முதன்முறையாக அடைத்துப்போயிருந்தது. நர்ஸம்மா தண்ணீர் எடுக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இருவரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தவள் நேரே மொட்டைமாடிக்குப் போனாள். நாடாவின் ஒரு முனையை நாத்தனார் கையில் திணித்தாள். தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரிலிருந்து கிடங்குச் சுவர்வரை நாற்பத்திரண்டு அடி. கீழே இறங்கி, முன்சுவரிலிருந்து டப்பாக்கள் அடுக்கிய அந்தச் சுவர்வரை அளந்தாள். முப்பத்தொன்றரை அடி. நம்பாமல் மீண்டும் மேலே போனாள், மீண்டும் கீழே வந்தாள். எண்கள் மாறவில்லை. ஊரார் ஜன்னல்களை மூன்று மூன்று இடங்களில் அளந்தவள், தான் குடியிருந்த வீட்டைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறைகூட அளந்ததில்லை.

மூன்றாம் முறை மேலே போனபோது தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தாள். ஆறாம் எண் வீட்டில் கண்ணாடி பதித்திருந்த அதே இடத்தில் இங்கே ஒரு சிமெண்டு மேடை; அதன்மேல் தொட்டி. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஆண்டுதோறும் கணவர் வாளியில் சிமெண்டு கலந்துகொண்டு வந்து அந்த மேடையைச் சுற்றிப் பூசுவார். தொட்டி ஒழுகாமல் இருக்கப் பூசுகிறார் என்று அவள் கீழே நின்று தேநீர் நீட்டியிருக்கிறாள். அந்த மேடைக்குப் பக்கத்திலேதான் துணி உலர்த்தும் கொடி. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓர் அறையின் தலைமேல் நடந்து நடந்து துணி காயப்போட்டிருக்கிறாள். கொடி கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது அண்ணி. கட்டினவன் ஏமாத்தியிருப்பான்” என்றாள் நாத்தனார். இந்த வீட்டை அண்ணன் வாங்கியபோது அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அவளும் சிமெண்டு மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் ஒரு மணிக்கு வந்தார். இடைவழி முழுவதும் டப்பாக்கள் தரையில் இருந்தன. பலகைகள் வெறுமையாக நின்றன. நடுவே இருந்த பூச்சை மனைவி கரண்டிக் காம்பால் சுரண்டி, உள்ளேயிருந்த செங்கல்லின் விளிம்பை வெளியே கொண்டுவந்திருந்தாள். அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, டப்பாக்களுக்கு நடுவே, தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்ததிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. நாத்தனார் சத்தமில்லாமல் கூடத்துக்கு நழுவினாள்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. வீட்டை வாங்கிய முதல் மழையிலேயே பின்னறையின் தரை நடுவில் ஒரு சாண் உள்வாங்கிவிட்டது. கட்டும்போது தோண்டிய சுண்ணாம்புக் குழியை ஒப்பந்தக்காரர் சரியாக மூடாமல் தரை போட்டிருந்தார். கேட்கப் போனால் ஆளே ஊரில் இல்லை. கூரைக் கண்ணாடியும் ஒழுகியது. அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள். குழி விழுந்த அறையைக் காட்டுவதற்குக் கூச்சப்பட்டுக் கொத்தனாரை அழைத்து வாசலை அடைத்தார். மேலே மேடை போட்டார். கல்யாணம் ஆனதும் முதல் வேலையாகத் திறந்து சரிசெய்துவிடலாம் என்றுதான் எண்ணம். கல்யாணத்துக்கு மறுவாரமே அவள் அந்தச் சுவரில் பலகை அடிக்கச் சொல்லி, டப்பாக்களை அடுக்கி, “பாருங்க, எவ்வளவு அழகா அமைஞ்சிடுச்சு” என்று பூரித்தாளாம். அன்றைக்கு அவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அன்று வராதது அடுத்த நாளும் வரவில்லை.

அவள் இவ்வளவையும் நின்றபடியே கேட்டாள். குழியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா இங்க வரட்டுமான்னு கேட்டாங்களே. அன்னிக்கு இந்த ரூம் உங்களுக்கு ஞாபகமே வரலையா?”

“அன்னிக்கு முழுக்க அது ஒண்ணுதான் ஞாபகத்துல இருந்தது” என்றார் அவர்.

“அப்புறம் ஏங்க?”

அவர் கையிலிருந்த ஒரு டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். “அப்பவே பதிமூணு வருஷம் ஆயிடுச்சு. சொன்னா நீ ரூமைப் பத்திக் கேக்கமாட்ட. பதிமூணு வருஷத்தைப் பத்திக் கேப்ப. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.”

அவளுடைய நினைவெல்லாம் நாடாவின்மேல் போயிற்று. நான்கு ஆண்டுகள், நூற்றுக்கணக்கான வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் இந்த மனிதர் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து, நாடாவின் முனையைக் கட்டைவிரலால் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓர் அங்குலம் கூடுதலாகக் கிடைக்காதா என்று அவள் தவித்ததைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன வாரம் அலமாரிக் கட்டிலில் படுத்துக் காட்டியிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. யாரோ தெரியாதவர் ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. தொலைபேசியில் அம்மாவின் எண்ணை அழுத்தினாள். தம்பியிடம் விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல், இங்கே ஓர் அறை இருக்கிறது, இன்றைக்குத்தான் தெரிந்தது, வந்துவிடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஒரு வியப்பை எதிர்பார்த்தாள்.

“இப்பவாவது குடுக்கணும்னு தோணிச்சே” என்றார் அம்மா.

“என்னம்மா சொல்ற?”

“அந்தப் பின்னால இருக்கற ரூமைத்தானே சொல்ற? உங்கப்பா வீடு பாக்க வந்த அன்னிக்கே சொன்னார். மேல மாடி நீளமா இருக்கு, கீழ வீடு குட்டையா இருக்கு, பின்னால ஒரு ரூமை அடைச்சு வெச்சிருக்காங்கன்னு. தச்சு வேலை பாத்த கண்ணாச்சே. சாமான் கீமான் போட்டு வெச்சிருப்பாங்க, நமக்கென்ன, பையன் நல்ல பையன்னார். நானும் விட்டுட்டேன்.”

டேப் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். சுரண்டிய செங்கல் முதுகில் குத்தியது.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னால நீ இடமில்லைன்னு சொன்னப்போ, சரி, பொண்ணுக்கு என்ன சங்கடமோன்னு நினைச்சுக்கிட்டேன். நான் யார்கிட்டயும் சொல்லல. உன் தம்பிகிட்டகூட சொல்லல” என்றார் அம்மா. அவர் குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் மகளால் தாங்க முடியாமல் இருந்தது.

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா இன்னிக்குக் காலைலதான் தெரியும்.”

“நீ அளவெடுக்கறவ” என்றார் அம்மா மெதுவாக. பிறகு, அடுப்பில் பால் காய்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அம்மாவிடம் பேசியிருக்கிறாள். முட்டிவலியைப் பற்றி, மருமகளைப் பற்றி, பார்த்த வீடுகளின் கூத்தைப் பற்றி. குளியல்தொட்டிக் கதையைக் கேட்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்போதெல்லாம், அறை ஒன்றைப் பூட்டிவைத்துக்கொண்டு தன்னை வரவேண்டாம் என்று சொன்ன மகளோடுதான் தான் பேசிக்கொண்டிருப்பதாக அம்மா நினைத்திருக்கிறார். நினைத்தும் ஒரு வாரம்கூடப் பேசாமல் இருந்ததில்லை. கணவர் செய்ததைவிட இதுதான் டேப் அக்காவுக்குப் பெரிய அடியாக விழுந்தது. அவர் செய்தது தெரிந்துவிட்டது. இது தெரியாமலே ஒன்பது ஆண்டுகள் நடந்திருக்கிறது.

அவள் சொன்னால் அம்மா நம்பப்போவதில்லை. யார்தான் நம்புவார்கள்? கடையில் சொன்னால், டேப் அக்காவுக்கா தெரியாது என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். மதியத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“நாளைக்குக் காலைல கிளம்பறோம். நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்.”

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேருந்தில் போனார்கள். தம்பியின் வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகளுக்குள் போயிருந்தது. தம்பியும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கூடத்தின் ஓரத்தில், சுருட்டிய படுக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். மருமகனைக் கண்டதும் வழக்கம்போல் எழுந்து, வாங்க மாப்பிள்ளை என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தபிறகுதான் அவர் உட்காருவார். மாப்பிள்ளை குடித்த தம்ளரைக்கூட மாப்பிள்ளையை எடுத்துவைக்க அம்மா விட்டதில்லை.

கணவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“அத்தை, அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல. கல்யாணத்துக்கு முன்னாலயே அடைச்சேன். நீங்க வரேன்னு கேட்டப்பவும் நான்தான் சொல்லல. அவ இடமில்லைன்னு நம்பித்தான் உங்ககிட்ட சொன்னா.” அவ்வளவையும் தரையைப் பார்த்தபடியே சொன்னார். பேருந்தில் நான்கு மணி நேரமும் அதைத்தான் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார்போலும், ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். கிணற்றுக்குள் விழுந்த பொருளைத் தேடுவதுபோல, குனிந்து, கண்களைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். டேப் அக்கா சொல்லவேண்டியதை நேற்றே சொல்லிவிட்டாள். அம்மாவின் உதடுகள் இரண்டு முறை அசைந்தன. ஏதோ எண்ணுவதுபோல இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளைத்தான் எண்ணினாரோ என்னவோ.

“உனக்குத் தெரியாதா?” என்றார் கடைசியில், நம்ப முடியாத ஒன்றை முதன்முறையாகக் கேட்பவரைப்போல. “ஐயோ, நான் என்னென்னமோ நினைச்சுட்டேனே.”

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. மகளின் மணிக்கட்டைப் பற்றியவர் விடவே இல்லை.

பிறகு டேப் அக்கா நடப்பைச் சொன்னாள். அறையின் தரை இப்போது படுக்கத் தகுந்ததாக இல்லை. குழியை நிரப்பித் தரை போட மூன்று வாரம் ஆகும்; கொத்தனார் நாளைக்கு வருகிறார். அதுவரை அம்மா அவளோடு படுக்கையறையில் படுத்துக்கொள்ளலாம். கணவர் கூடத்தில் படுத்துக்கொள்வார். எத்தனை நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை, கணவரும் கேட்கவில்லை.

அம்மா எழுந்தார். அவருடைய உடைமைகள் அதிகமில்லை: சுருட்டிய படுக்கை, ஒரு சின்னப் பை, இரும்புப் பிடி போட்ட பழைய பெட்டி ஒன்று. தம்பிக்கு ஒரு சீட்டு எழுதி மேசைமேல் வைத்து, அதன்மேல் தண்ணீர்ச் செம்பை வைத்தார். சின்னப் பையை மகளிடம் கொடுத்தார். படுக்கையைத் தானே இடுக்கிக்கொண்டார். மருமகன் கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். எதையாவது எடுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

“கனமா இருக்கும் மாப்பிள்ளை. தூக்கிட்டு முன்னால போங்க.”